உப்பிட்டு வறுத்தல்: ஒரு புகைக் கணக்கு

சல்பைடு வகைத் தாதுக்களிலிருந்து செம்பு, வெள்ளி, துத்தநாகம் முதலிய உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழிலில், உலோகத்தை எப்படி எடுப்பது என்பதைவிட அதனுடன் ஒட்டி வரும் கந்தகத்தை எங்கே போக்குவது என்பதே நெடுங்காலமாகப் பெருஞ்சிக்கலாக இருந்து வந்துள்ளது. சுரங்கத்துப் பாறையை மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையால் பயனற்ற கல்லையும் மண்ணையும் நீக்கினால் எஞ்சும் கருநிறப் பொடி தாதுச் செறிவு எனப்படுகிறது. செம்புத் தொழிலில் வழங்கும் செறிவில் செம்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் கந்தகம் பத்தில் மூன்று பங்கும் இருப்பது வழக்கம். இப்பொடியை உருகவிடாமல், காற்றோட்டத்தில் சூடாக்கி, கந்தகத்தை எரித்து நீக்குவதே வறுத்தல் ஆகும். எரிந்த கந்தகம் தன் எடையைப் போல் இருமடங்கு எடையுள்ள கந்தக டை ஆக்சைடாக மாறுவதால், 300 கிலோ கந்தகம் கொண்ட ஒரு டன் செறிவை முழுவதுமாக வறுத்தால் 600 கிலோ வாயு உலையை விட்டு வெளியேறும்.

இந்த வாயுவைப் பிடித்து வைக்க வழியில்லாத காலத்தில் அது நிலத்தையும் பயிரையும் மூச்சையும் எரித்தது. ஸ்பெயின் நாட்டின் ரியோ திந்தோ சுரங்கப் பகுதியில், திறந்தவெளியில் தாதுவைக் குவியல் குவியலாக அடுக்கித் தீ மூட்டி வறுத்தபோது எழுந்த புகையை எதிர்த்துத் தொழிலாளரும் உழவரும் 1888 பிப்ரவரி 4ஆம் நாள் ஒன்றுகூடியதும், படையினர் அவர்கள்மீது சுட்டதில் பலர் உயிரிழந்ததும் சுற்றுச்சூழல் போராட்ட வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் நிகழ்வுகளாகும். அதே சுரங்கங்களின் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடுத் தாது கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனபோது அதன் கந்தகம் மூடிய உலைகளில் எரிக்கப்பட்டுக் கந்தக அமிலமாயிற்று. எரித்தபின் எஞ்சிய செந்நிறச் சாம்பலிலிருந்து செம்பை எடுக்க, அங்கிருந்த ஆலைகள் அச்சாம்பலை உப்புடன் கலந்து மறுபடியும் வறுத்தன. உப்பிட்டு வறுத்தல் என்னும் முறை செம்புத் தொழிலில் தொழிற்சாலை அளவில் வேரூன்றியது இத்தகைய இடங்களில்தான்.

உப்பு சேர்த்தால் புகை குறையும் என்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் கூற்று. அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. உலையருகே நின்று பழகியவர்கள் இதை வேறு விதமாகவே சொல்வார்கள்: உப்பு புகையை அழிப்பதில்லை, அதன் இனத்தை மாற்றுகிறது, மாறி வரும் புகையைப் பிடிக்க ஆயத்தமாக இருப்பவருக்கே அது நன்மை. இக்கூற்றின் பொருளை வேதியியலாலும் தொழில் வரலாற்றாலும் எடைக்கணக்காலும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பு உலைக்குள் செய்யும் வேலை

சாதாரண உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்தது. தனியே சூடாக்கினால் 801 டிகிரி செல்சியஸில் உருகுமேயன்றி எளிதில் சிதைவதில்லை. அதைச் சிதைப்பது எரியும் கந்தகத்திலிருந்து எழும் வாயு. கந்தக டை ஆக்சைடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சூடான உப்பின்மேல் படும்போது, கந்தகம் சோடியத்தைப் பற்றிக்கொண்டு சோடியம் சல்பேட் என்னும் திண்ம உப்பாக உலைக்குள்ளேயே தங்குகிறது. பற்றிழந்த குளோரின் வாயுவாக விடுபடுகிறது. உலைக்காற்றில் நீராவி இருந்தால் அதே குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக, அதாவது நீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும் வாயுவாக வெளிப்படுகிறது. சுருங்கச் சொன்னால், கந்தகம் வறுபொருளில் தங்க, குளோரின் அதன் இடத்தில் கிளம்புகிறது.

கிளம்பிய குளோரின் முழுவதும் புகைபோக்கிக்குப் போய்விடுவதில்லை என்பதில்தான் இம்முறையின் பயன் அடங்கியுள்ளது. தாதுவிலுள்ள செம்பு அதைப் பற்றிச் செம்புக் குளோரைடாகவும், வெள்ளி வெள்ளிக் குளோரைடாகவும் மாறுகின்றன. முன்னது வெறும் நீரிலும் மென்மையான அமிலத்திலும் கரையும், பின்னது நீரில் கரையாவிட்டாலும் செறிந்த உப்புநீரில் கரையும். இரும்பும் குளோரினைப் பற்றத்தான் செய்கிறது. ஆயினும் வறுப்பு நடக்கும் வெப்பநிலையில் ஆக்சிஜனும் நீராவியும் இரும்புக் குளோரைடைச் சிதைத்து இரும்பு ஆக்சைடாக்கி விடுவதால், இரும்பு கரையாத செம்மண் போல எஞ்ச, வேண்டிய உலோகம் மட்டும் கரைசலில் இறங்குகிறது. ஒரே வறுப்பில் கந்தகத்தைக் கட்டுவதும் உலோகத்தைக் கரையச் செய்வதும் கைகூடுவதால்தான், உருக்கி எடுக்கக் கட்டுப்படியாகாத வறிய தாதுவுக்கும் சாம்பலுக்கும் இம்முறை ஏற்றதாயிற்று.

வெள்ளித் தொழிலிலிருந்து அமிலத் தொழிலுக்கு

தாதுவோடு உப்பு சேர்க்கும் வழக்கம் வெள்ளித் தொழிலில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோவின் பச்சூக்காவில் பார்த்தோலோமே தே மெதினா வகுத்த முற்ற முறையில், வறுக்காமலே ஈரத் தாதுவோடு உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்னாஸ் ஃபான் போர்ன் இதைத் திருத்தி, முதலில் உப்போடு வறுத்துப் பின்னர் பாதரசத்தில் சேர்க்கும் முறையை ஐரோப்பாவில் பரப்பினார். சாக்சனி நாட்டு ஃப்ரைபெர்க் நகரை அடுத்த ஹால்ஸ்புரூக்கேயில் 1790இல் இதற்கென ஆலை எழுந்தது. அங்கே தாதுவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உப்பு சேர்க்கப்பட்டது. தாதுவில் கந்தகம் போதாதிருந்தால், உப்பைச் சிதைப்பதற்காகவே வறுக்காத பைரைட்டைக் கூட்டும் வழக்கமும் இருந்தது. கந்தகத்தைப் பகையாகக் கண்ட பிற தொழில்களுக்கு மாறாக, இங்கே அது வேலையாளாகவே கருதப்பட்டது. அமெரிக்காவின் நெவாடாவில், ஆஸ்டின் ஊரைச் சார்ந்த வெள்ளிச் சுரங்கங்களில் 1860களில் இதே முறை ரீஸ் ரிவர் முறை என்ற பெயரில் பரவியது; அப்பகுதியில் பணியாற்றிய ஸ்டெட்டெஃபெல்ட் அமைத்த உயர்ந்த செங்குத்து உலையில், உப்பு கலந்த தாது மாவு மேலிருந்து தீக்காற்றினூடே விழுந்து, கீழே சேர்வதற்குள் பெரும்பாலும் வறுபட்டது.

இங்கிலாந்தில் வில்லியம் லாங்மெய்ட் 1840களில் காப்புரிமை பெற்றபோது அவர் நோக்கம் சோடியம் சல்பேட்டே. சோப்பு, கண்ணாடித் தொழில்களுக்கு வேண்டிய சோடாவின் மூலப்பொருளாக அதற்கு அப்போது நல்ல விலை இருந்தது. பின்னர் வில்லியம் ஹெண்டர்சன் இதைத் திருப்பிப் பிடித்து, பைரைட் சாம்பலில் செம்பை முதன்மையாகவும் சல்பேட்டை உடன்பொருளாகவும் கொண்டார். அமில ஆலையிலிருந்து வந்த சாம்பலில் செம்பு 4 விழுக்காட்டை ஒட்டியும், எரிந்தும் எரியாமலும் எஞ்சிய கந்தகம் 3 அல்லது 4 விழுக்காடும் இருந்தன. அதை உப்போடு அரைத்து, சுமார் 500 முதல் 600 டிகிரி வெப்பத்தில் வறுத்து, மரத் தொட்டிகளில் நீரும் நீர்த்த அமிலமும் ஊற்றிக் கரைத்து, கரைசலில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பை இறக்கினர். 1870இல் க்ளோதே என்பவர் வகுத்த முறையில், செம்பை இறக்குமுன் அயோடைடு சேர்த்து வெள்ளியையும் பிரித்தெடுத்தனர். கரையாமல் எஞ்சிய இரும்பு ஆக்சைடு, ஊதா நிறச் சாயலால் ஊதாத் தாது என்ற பெயரில் இரும்பு உலைகளுக்கு விற்பனையாயிற்று. ஜெர்மனியில் 1876இல் தோன்றிய டூயிஸ்பூர்க் செம்பு ஆலை இதே வழியில் செம்போடு துத்தநாகத்தையும் கோபால்ட்டையும் எடுத்து, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் இயங்கியது.

இவ்வாலைகளின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருந்தது. சட்டத்தின் கண் அதன்மேல் ஏற்கெனவே விழுந்திருந்தது. உப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சோடா செய்த லெப்ளாங்க் ஆலைகள் அதே வாயுவை வானில் விட்டுச் சுற்றுப்புற மரங்களைக் கருக்கியதால், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1863இல் ஆல்கலி சட்டத்தை இயற்றி, அந்த வாயுவில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடித்தே தீரவேண்டும் என்று விதித்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்த அமர்த்தப்பட்ட முதல் ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், அமில மழை பற்றிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற வேதியியலாளர். பிடிப்பதற்கான கருவியும் முன்பே இருந்தது: வில்லியம் காஸேஜ் 1836இல் உருவாக்கிய, சுள்ளிகளை நிரப்பி மேலிருந்து நீர் சொட்டவிட்ட கோபுரம். செம்பு ஆலைகள் இக்கோபுரத்தை அமைத்துக்கொண்டபோது, அடியில் சேர்ந்த நீர்த்த அமிலத்தை வீணாக்காமல் வறுத்த சாம்பலைக் கரைக்கவே திருப்பி ஊற்றின. புகையாக இழக்கப்பட்டிருக்க வேண்டிய பொருள் கரைப்பானாக மாறி ஆலைக்குள்ளேயே சுற்றியதுதான் இம்முறையின் மிகச் சிறந்த பகுதி என்று தொழில் அறிந்தவர்கள் இன்றும் கருதுகின்றனர்.

எடைக் கணக்கு

உப்பிட்டு வறுக்கும் திட்டம் எதையும் மதிப்பிடுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு எளியது. ஒரு கிலோ கந்தகத்தைச் சோடியம் சல்பேட்டாகக் கட்ட 3.65 கிலோ உப்பு வேண்டும். விளையும் சல்பேட்டின் எடை 4.4 கிலோவுக்குச் சற்று மேல். உப்பிலிருந்து விடுபடும் குளோரின் 2.2 கிலோ, அது முழுவதும் ஹைட்ரஜன் குளோரைடானால் 2.27 கிலோ.

இதைப் பைரைட் சாம்பலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு டன் சாம்பலில் கந்தகம் 30 கிலோவும் செம்பு 40 கிலோவும் உள்ளதாகக் கொண்டால், கந்தகம் முழுவதையும் கட்டச் சுமார் 110 கிலோ உப்பு போதும். இதனால் 60 கிலோ கந்தக டை ஆக்சைடு தவிர்க்கப்படுகிறது. உப்பிலிருந்து விடுபடும் ஏறத்தாழ 67 கிலோ குளோரினில் 45 கிலோவைச் செம்பே பற்றிக்கொள்கிறது. எஞ்சிய 22 கிலோவே கோபுரத்துக்குப் போகிறது. கோபுரத்தில் சேரும் அமிலமும் கரைப்புத் தொட்டிக்குத் திரும்புவதால், இங்கே வரவும் செலவும் ஏறக்குறைய நேராகின்றன.

இனி அதே கணக்கைக் கந்தகம் 300 கிலோவும் செம்பு 250 கிலோவும் கொண்ட ஒரு டன் செறிவுக்குப் போட்டால் நிலைமை தலைகீழாகிறது. உப்பு மட்டும் 1,100 கிலோ வேண்டும். அதாவது வறுக்கவேண்டிய தாதுவைவிட அதனுடன் சேர்க்கும் உப்பு அதிகம். விடுபடும் 665 கிலோ குளோரினில் செம்பு பற்றுவது 280 கிலோவுக்குள் அடங்க, ஏறத்தாழ 400 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு உலையை விட்டு வெளியேறும். 600 கிலோ கந்தக டை ஆக்சைடைத் தவிர்த்துவிட்டோம் என்று அறிக்கை எழுதுவதற்கு முன் இந்த 400 கிலோ எங்கே போயிற்று, விளைந்த 1,300 கிலோவுக்கு மேற்பட்ட சோடியம் சல்பேட்டை யார் வாங்குவார் என்ற இரு கேள்விகளுக்கும் விடை வேண்டும். வாங்க ஆளில்லாத சல்பேட் நீரில் கரைந்து ஆற்றுக்குப் போனால், வானத்துக்குப் போகாத மாசு நிலத்தடி நீருக்குப் போனதாகவே முடியும்.

இவ்விரு கணக்குகளிலிருந்தும் தெளிவாகும் விதி ஒன்று உண்டு: உப்பு, கந்தகத்தின் கடைசிப் பகுதிக்கே உரியது. முதற்பகுதியை உப்பில்லாமல் மூடிய உலையில் எரித்து, செறிந்து வரும் வாயுவைக் கந்தக அமில ஆலைக்கு அனுப்பவேண்டும். கந்தகம் சில விழுக்காடாகக் குறைந்தபின் எழும் வாயு அமில ஆலையை நடத்தப் போதாத அளவுக்கு மெலிந்துவிடும் என்பதால், அந்த மெலிந்த புகையை எழவிடாமல் உப்பால் கட்டுவதே முறை. செம்பின் மோல் அளவும் எஞ்சிய கந்தகத்தின் மோல் அளவும் அருகருகே இருக்கும்போது உப்பு தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. கந்தகம் மிஞ்ச மிஞ்ச, அது புகையை மாற்றும் செலவாக மட்டுமே மிஞ்சுகிறது.

உலையருகே காணப்படுபவை

ஆலைக்குப் போகுமுன் ஒவ்வொரு தாதுவும் ஆய்வுக்கூடத்து மஃபிள் உலையில் தட்டு வறுப்புக்கு உட்படுத்தப்படுகிறது. சுட்ட களிமண் தட்டின் உட்புறத்தில், தாது ஒட்டாதிருக்க, இரும்பு ஆக்சைடுப் பொடியைத் தேய்த்து, உப்பு கலந்த தாதுவை மெல்லிய அடுக்காகப் பரப்புகின்றனர். கல்லுப்பை அப்படியே போட்டால் படிகத்துக்குள் சிறைப்பட்ட ஈரம் வெப்பத்தில் வெடித்து, உப்பு பொரிந்து தட்டுக்கு வெளியே தெறிக்கும். ஆகவே உப்பை உலர்த்தி, தாதுவின் அளவுக்கே நுணுக்கமாக அரைத்துச் சேர்ப்பது கட்டாயம். கடலுப்பைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு, தாது சூடேறத் தொடங்கும்போதே நீராவியால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கிவிடும். செம்பு அதைப் பற்ற ஆயத்தமாகுமுன்னே கிளம்பும் அந்த வாயு முழுவதும் வீண்.

வெப்பம் ஏறும்போது முதலில் கந்தகம் பற்றி, தாதுப் பரப்பின்மேல் நீலச்சுடர் மெல்லப் படர்கிறது. இக்கட்டத்தில் கிளறுவதை நிறுத்தினால், எரியும் கந்தகத்தின் சொந்த வெப்பமே உலையின் வெப்பத்துக்கு மேலாகத் தாதுவைச் சூடாக்கி, உப்பும் சல்பேட்டும் சேர்ந்து இளக வழிசெய்துவிடும். தனித்தனியே 800 டிகிரிக்கு மேல் உருகும் இவ்விரண்டும் தகுந்த அளவில் கலந்தால் 630 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்குகின்றன. செம்புக் குளோரைடும் சேர்ந்தால் இன்னும் தாழ்ந்த வெப்பத்திலேயே இளகுகின்றன. இளகிய உப்பு தாதுத் துகள்களைப் போர்த்திவிட்டால் காற்று உள்ளே போகாது. வறுப்பு அத்தோடு நின்றுவிடும். கட்டி தட்டிய தாதுவை உடைத்துப் பார்த்தால் வெளியே செந்நிறமும் நடுவே எரியாத கருநிறமும் தெரிவது இதனால்தான். எனவே, சுடர் அடங்கும்வரை வெப்பத்தை ஏற்றாமல் பொறுத்துக் கிளறுவதே கைப்பழக்கத்தின் முதற்பாடம்.

சுடர் அடங்கியபின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும்போது தாது உப்பி, பஞ்சுத்தன்மை பெற்று, கிளறுகோலில் மெல்ல ஒட்டி வருகிறது. இது குளோரின் விடுபடத் தொடங்கியதன் அடையாளம். பழைய எதிர் அனல் உலைகளில் தெர்மோகப்பிள் இல்லாத காலத்தில், தாதுவின் இந்த உப்பலையும், கங்கின் மங்கிய செந்நிறத்தையும், உலைவாயிலில் கந்தக நெடி போய்க் குளோரினின் காரநெடி வந்ததையும் கொண்டே வறுப்பாளர்கள் நிலையை அறிந்தனர். மூக்கை நம்புவது உடம்புக்குக் கேடு என்பதால் இன்று வேறு சோதனைகள் கையாளப்படுகின்றன. அம்மோனியா நீரில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை வாயு வெளியேறும் இடத்தில் பிடித்தால், ஹைட்ரஜன் குளோரைடு இருப்பின் அடர்ந்த வெண்புகை எழும். பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் தோய்த்த தாள் நீலமானால் தனிக் குளோரின் இருக்கிறது என்று பொருள். வெண்புகை தோன்றித் தாள் நீலமாகாதிருப்பதே விரும்பத்தக்க நிலை. காரணம் கோபுரத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

வறுப்பு முடிந்ததா என்பதை அறியச் சிட்டிகையளவு வறுபொருளைச் சோதனைக் குழாயில் இட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கித் தெளியவிடுகின்றனர். மேலே நிற்கும் நீர் நீலமும் பச்சையும் கலந்த நிறம் கொண்டு, அதில் இறக்கிய பளபளப்பான இரும்பு ஆணியின்மேல் உடனே செந்நிறச் செம்பு படிந்தால் வறுப்பு பயன்தந்திருக்கிறது. அதே தெளிநீரில் பேரியம் குளோரைடு சேர்த்தால் விழும் வெண்ணிற வீழ்படிவு, கந்தகம் எவ்வளவு சல்பேட்டாகத் தங்கியது என்பதைக் காட்டும். அதை நிறுத்து, தாதுவில் தொடக்கத்தில் இருந்த கந்தகத்தோடு ஒப்பிட்டால்தான் புகையாகப் போன பங்கு எவ்வளவு என்று துணிந்து சொல்லமுடியும். புகைபோக்கியில் பொருத்திய அளவுகருவி நேரத்துக்கு ஒரு எண்ணைக் காட்டும். தட்டில் எஞ்சியதை நிறுத்துப் பார்ப்பதோ தாது வறுபட்ட காலம் முழுவதையும் ஒருசேரக் காட்டும். கருவியும் தராசும் ஒத்துப்போகாதபோது தராசின் பக்கம் நிற்பதே இத்துறையில் தேர்ந்தவர்களின் வழக்கம்.

வெப்பத்தின் மேல்வரம்பும் முக்கியம். 600 டிகிரியைத் தாண்டிச் செல்லச் செல்லச் செம்புக் குளோரைடு ஆவியாகிப் புகையோடு போகத் தொடங்கும். புகைபோக்கியின் உட்சுவரில் பச்சைப் படலம் காணப்பட்டால், அது செம்பு இழப்பின் சான்று மட்டுமன்று, வெளிக்காற்றில் உலோகம் கலக்கிறது என்பதன் சான்றுமாகும். கந்தகத்தைக் கட்டப்போய் உலோகத்தைப் பறக்கவிடுவது இம்முறையில் எளிதாக நேரும் பிழை.

கோபுரமும் நீரும்

உப்பு புகையின் இனத்தை மாற்றுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை நீரில் இருக்கிறது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 40 லிட்டர் கந்தக டை ஆக்சைடைக் கரைக்கும். அதே நீர் 400 லிட்டருக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் குளோரைடைக் கரைக்கவல்லது. ஆனால் தனிக் குளோரின் இரண்டு லிட்டருக்குச் சற்று மேலாகவே கரையும். ஆகவே கந்தகத்தின் இடத்தில் ஹைட்ரஜன் குளோரைடு வந்தால் நீரே அதைப் பிடித்துவிடும்; குளோரின் வந்தாலோ முன்னைவிடக் கொடிய வாயுவை, முன்னைவிடப் பிடிக்க அரிய நிலையில் வெளியே விட்டவராவோம். வெண்புகை வேண்டும், நீலத்தாள் வேண்டா என்ற சோதனை விதி இதிலிருந்து பிறந்தது.

குளோரினை ஹைட்ரஜன் குளோரைடாகத் திருப்ப உலைக்குள் நீராவி வேண்டும். உலை வெப்பத்தில் நீராவியும் குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடையும் ஆக்சிஜனையும் தந்து ஒரு சமநிலையில் நிற்கின்றன. வெப்பமும் நீராவியும் கூடக்கூடச் சமநிலை ஹைட்ரஜன் குளோரைடின் பக்கம் சாயும். விறகு, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும் உலைகளில் எரிபொருளின் ஹைட்ரஜனே நீராவியைத் தந்துவிடும். மின்சார உலையில் உலர்ந்த காற்றைச் செலுத்தி ஆய்வு செய்பவர்கள் மிகுந்த குளோரினைக் காண்பதும், அதே தாது ஆலையில் வேறுவிதமாக நடந்துகொள்வதும் இதனாலேயே. ஆய்வுக்கூடத்து முடிவை அப்படியே ஆலைக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கோபுரத்தை நடத்துவதும் தனிக் கலை. ஈரமான ஹைட்ரஜன் குளோரைடுக்குத் துருப்பிடிக்கா எஃகும் தாங்காது; அமிலம் தாங்கும் செங்கல், ரப்பர் பூசிய எஃகு, கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் ஆகியவையே நிற்கும். உலையிலிருந்து கோபுரம் வரையுள்ள குழாயில் வாயு எங்கேனும் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால் அங்கே அமிலம் துளித்து உலோகத்தை அரித்துவிடும். எனவே, கோபுர வாயில்வரை சூட்டைக் காத்து, அதனுள் நுழைந்தவுடன் ஒரே அடியாகக் குளிர்விப்பது வழக்கமாயிற்று.

தலைவலி போய்த் திருகுவலி

உப்பு எங்கும் புகையைக் குறைக்கும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு வனேடியம் தொழில் சான்று. சீனாவில் வனேடியம் கலந்த கல்நிலக்கரி என்னும் கருங்களிப்பாறையை உப்போடு வறுத்து, வனேடியத்தை நீரில் கரையும் சோடியம் வனேடேட்டாக மாற்றும் முறை நெடுங்காலம் நடந்தது. அங்கே உப்பின் சோடியமே வேலை செய்கிறது; கந்தகத்தைக் கட்டுவது நோக்கமன்று. குளோரினைப் பற்றிக்கொள்ளச் செம்பும் இல்லாததால் அது பெரும்பாலும் குளோரினாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் வெளியேறி ஊர்களைப் பாழாக்கியது. உப்பின் இடத்தில் சோடா, சோடியம் சல்பேட், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொள்ளும் முறைகள் வனேடியம் தொழிலில் மேலோங்கியதற்கு இது முக்கியக் காரணம். ஒரே உப்பு ஒரு தாதுவில் புகையைக் கட்டுகிறது, இன்னொன்றில் புகையைப் பிறப்பிக்கிறது.

இதைவிடக் கடுமையான பாடம் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலுள்ள மார்ஸ்பெர்கிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே செம்புத் தாதுவைக் குளோரினேற்றி வறுத்துச் செம்பு எடுத்தபின் எஞ்சிய செந்நிறக் கழிவு, கீஸல்ரோட் என்ற பெயரில், விளையாட்டுத் திடல்களிலும் பாதைகளிலும் பரப்பப்பட்டது. 1991இல் அதில் டையாக்சின் என்னும் கொடிய நச்சுச் சேர்மங்கள் மிகுந்திருப்பது தெரியவந்து, திடல்கள் மூடப்பட்டன. கரிமப் பொருளின் மிச்சமும் குளோரினும் இருக்கும் இடத்தில், 250 முதல் 450 டிகிரிக்கு இடைப்பட்ட வெப்பத்தில் டையாக்சின் உருவாகும். செம்புக் குளோரைடு அதற்கு மிகச் சிறந்த வினையூக்கி. உப்பிட்டு வறுக்கும் உலையில் இம்மூன்றும் ஒருங்கே இருக்கின்றன. நுரை மிதப்பில் சேர்த்த எண்ணெயும் கரிமச் சேர்மங்களும் செறிவில் ஒட்டியிருப்பதால், உப்பைச் சேர்ப்பதற்குமுன் செறிவை உப்பின்றி வறுத்துக் கரிமத்தை எரித்துவிடுவதும், உலைவாயுவை அந்த வெப்ப இடைவெளியில் தங்கவிடாமல் விரைந்து குளிர்விப்பதும் இன்றைய முறையில் விலக்க முடியாதவை. ஆர்செனிக் கலந்த தாதுவாக இருந்தால், 130 டிகிரியிலேயே கொதிக்கும் ஆர்செனிக் குளோரைடும் கணக்கில் சேர்ந்துவிடும். அத்தகைய தாதுவை உப்போடு வறுக்காதிருப்பதே அறிவுடைமை.

உப்புக்கு உரிய இடம்

கந்தகத்தை உலைக்குள்ளேயே கட்டுவது மட்டுமே நோக்கமானால் சுண்ணாம்பு உப்பைவிட எளிய வழி. ஒரு கிலோ கந்தகத்துக்கு 1.75 கிலோ சுட்ட சுண்ணாம்பு போதும். விளைவது நீரில் அதிகம் கரையாத கால்சியம் சல்பேட். குளோரின் என்ற பேச்சே எழாது. மாலிப்டினம் சல்பைடைச் சுண்ணாம்போடு வறுத்தால் கந்தகம் கால்சியம் சல்பேட்டாகவும் மாலிப்டினம் கால்சியம் மாலிப்டேட்டாகவும் தங்குவது நன்கு அறியப்பட்டது. ஆயினும் அதன் பின்னர் உலோகத்தைக் கரைக்கத் தனியே அமிலம் வேண்டும்.  உப்போ வறுக்கும்போதே உலோகத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது கந்தகம் எவ்வளவு, உலோகம் எது, சல்பேட்டுக்கு வாங்குவோர் உண்டா என்பவற்றைப் பொறுத்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணெய், எரிவாயுச் சுத்திகரிப்பிலிருந்து மலிவாகக் கிடைத்த தூய கந்தகத்துக்கு அமில ஆலைகள் மாறியதும், பைரைட் சாம்பலின் வரத்து வற்றி, பெரிய உப்பு வறுப்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அம்முறை தோற்றதால் அவை மூடப்படவில்லை; அதற்கேற்ற மூலப்பொருள் இல்லாமற்போனதே காரணம். கந்தகம் சில விழுக்காடாகவும், செம்போ வெள்ளியோ அதற்கு இணையாகவும் கொண்ட பழைய கழிவுக் குன்றுகளும் சாம்பல் மேடுகளும் இன்னும் பல நாடுகளில் கிடப்பதால், இம்முறையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

அவற்றை வாசிப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை. கந்தக டை ஆக்சைடு எவ்வளவு குறைந்தது என்ற எண்ணோடு குளோரின் கணக்கும் அருகே தரப்பட்டுள்ளதா. உப்பில் வந்த குளோரினில் எவ்வளவு உலோகத்தில், எவ்வளவு கோபுர நீரில், எவ்வளவு காற்றில் என்று கூட்டினால் நூறு வருகிறதா. கோபுர அமிலம் கரைப்புத் தொட்டிக்குத் திரும்புகிறதா, அல்லது சுண்ணாம்பிட்டு ஆற்றுக்குப் போகிறதா. சல்பேட் நீரின் இறுதி இடம் எது. கழிவில் டையாக்சின் அளக்கப்பட்டதா. இவற்றுக்கு விடை இருக்கும் திட்டத்தில் உப்பு மலிவான, நம்பத்தக்க துணை. கந்தகத்துக்கு மட்டும் எண் தந்துவிட்டுக் குளோரினைப் பற்றி வாய் திறக்காத அறிக்கை, புகையைக் குறைத்ததாகச் சொன்னாலும், உண்மையில் அதன் பெயரை மட்டுமே மாற்றியிருக்கிறது.